கம்பளிக்குச் சட்டம் காவல். நம் கைத்தறிக்கு யார் காவல்?

(தோப்பூரிலிருந்து ஒரு சட்டத்தரணி)

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வயலும் வெயிலும் சூழ்ந்த தோப்பூரிலிருந்து ஒருவன் கம்பளி ஆடையைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவனுக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று கேட்போர் இருக்கலாம். மார்கழி மாரியிலுங்கூட நமக்கு ஒரு பருத்திப் போர்வை போதும். ஆயினும், ஒரு கைத்தொழில் எதனால் வாழ்கிறது, எதனால் சாகிறது என்பதை அறிய விரும்புவோர்க்குக் கம்பளியின் வரலாற்றைப் போல் தெளிவான பாடம் வேறில்லை. ஆட்டு மயிரைக் கொய்து, நூற்று, நெய்து வாழ்ந்த ஏழை மக்கள் உலகின் பல மூலைகளில் இருந்தனர். ஓரிடத்தில் அவர்தம் தொழில் நூறாண்டு கடந்தும் தழைத்து நிற்கிறது. மற்றோரிடத்தில் நலிந்து தேய்கிறது. கைவண்ணத்தில் இவருக்கு அவர் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். அப்படியாயின் வேறுபாடு யாது? சட்டமும், அச்சட்டத்தைக் கையிலேந்தி நீதிமன்றப் படியேறத் துணிந்த அமைப்புமே அவ்வேறுபாடு. இதனை எடுத்துக்காட்டி, நம் கிழக்கு மண்ணின் கைத்தறியாளர் சார்பில் ஒரு வழக்கை மக்கள் மன்றத்தின் முன் வைப்பதே என் நோக்கம்.

மலையகம் போர்த்த கம்பளி

கம்பளி தமிழனுக்குப் புதிதன்று. பருத்தி, பட்டு ஆகியவற்றோடு விலங்கின் மயிரையும் நெய்த காருகர் புகார் நகரில் வாழ்ந்தனர் என்பதைச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை நமக்குக் கூறுகிறது. கன்னட நாட்டின் சித்திரதுர்க்கம், தாவணகெரே, ஆவேரி ஆகிய பகுதிகளில் குருபர் என்றும், தமிழகத்தில் குறும்பர் என்றும் வழங்கும் ஆயர் குலத்தார் தலைமுறை தலைமுறையாகக் கம்பளி நெய்து வந்தனர். செம்மறியை ஏரியிலோ ஆற்றிலோ குளிப்பாட்டி, கத்தரியால் மயிர் கொய்வர். அதனை வில்லால் அடித்துப் பிரிப்பர். பெண்கள் இராட்டையில் நூற்பர். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கூழைப் பூசி உலர்த்துவர். பின்னர் ஆடவர் தறியில் நெய்வர். ஆட்டு மயிருக்கு இயற்கை அளித்த எண்ணெய்ப்பசை முற்றாக நீங்காமையால் அக்கம்பளியில் மழைநீர் எளிதில் இறங்காது. மேனியை உறுத்தும் முரட்டுத் துணிதான். ஆனால் மழைக்கும் பனிக்கும் அதைப்போல் உற்ற துணை வேறில்லை.

தென்னிந்தியாவிலிருந்து வந்த இந்த முரட்டுக் கம்பளிதான் 19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த தொழிலாளியின் குடையாகவும் படுக்கையாகவும் பயன்பட்டது. மன்னார்க் கரையிலிறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்து வந்த அம்மக்களின் உடைமைகளில் அதுவும் ஒன்று. மலை மழையில் அதையே கொங்காணியாக மடித்துத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டிக் கொழுந்து பறித்தனர் நம் சகோதரிகள்.

அந்தக் கம்பளி கொடையாகவா வந்தது? இல்லை, கடனாக வந்தது. அரிசியைப் போலவே கம்பளியும் முற்பணக் கணக்கில் எழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கடனை எழுதிய 'துண்டு'ச் சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குத் தொழிலாளியைப் பின்தொடர்ந்தது. 1921 இல் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்படும் வரை அவனது உழைப்பு அடகிலே கிடந்தது. நெய்தவனோ கடலுக்கு அப்பால் வறியவன். போர்த்தவனோ இக்கரையில் கடனாளி. இடையில் நின்றவருக்கே இலாபம்.

போர்த்தவனுக்குச் சட்டம் பின்னர் செய்தது என்ன? 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவன் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் எழுதப்பட்ட உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவர் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தது. 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் நம் திருகோணமலை மாவட்டத்திலும் அடைக்கலம் தேடின. அவர்கள் பறித்த தேயிலைக்கோ சிங்க இலச்சினை என்னும் வியாபாரக் குறி உண்டு. தூய இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டால்தான் அக்குறியைப் பயன்படுத்தலாம் என்பது தேயிலைச் சபையின் விதி. இலைக்குக் கிடைத்த காவல் இலையைப் பறித்த கைக்குக் கிடைக்கவில்லை. சட்டம் காக்கவும் வல்லது; பறிக்கவும் வல்லது. எவர் கையில் அது இருக்கிறது என்பதே கேள்வி.

கடல் நடுவே ஒரு நெசவு

இனி, மற்றொரு கம்பளியின் கதைக்கு வருவோம். ஸ்கொத்லாந்தின் வடமேற்கே, அத்திலாந்திக்குக் கடலில் லூயிஸ், ஹரிஸ், ஊயிஸ்ற், பாரா எனத் தீவுகள் சில உண்டு. புற ஹெப்ரிடீஸ் என்பது அவற்றின் பொதுப்பெயர். மண்ணோ வளமற்றது, மக்களின் தாய்மொழியான கேலிக்கு மொழியோ ஆட்சியாளரால் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில், பெரும் ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் வேண்டி, நிலக்கிழார்கள் குடியானவர்களை அவர்களது காணிகளிலிருந்து துரத்தினர். மனிதனை ஆடு துரத்திய தேசம் அது! ஆயினும் எஞ்சி நின்ற மக்கள், அதே ஆட்டின் மயிரை வீட்டிலே நூற்று, வீட்டிலே நெய்து, அந்தத் துணியைப் பிழைப்புக்கு வழியாக்கிக் கொண்டனர்.

1840 களில் ஹரிஸ் தீவின் நிலக்கிழாருடைய விதவையான டன்மோர் சீமாட்டி அத்துணியைத் தம் வகுப்பார்க்கு அறிமுகம் செய்தார். 'ஹரிஸ் ருவீட்' என்ற பெயர் சீமான்களிடையே பரவியது. பெயர் பரவியவுடன் போலியும் பரவிற்று. பெருநிலத்து ஆலைகளில் நூற்ற நூலும், ஆலைத் துணியும் அப்பெயரைச் சூடிக்கொண்டு சந்தைக்கு வந்தன. இத்தகைய நிலையில் நாமாயின் என்ன செய்திருப்போம்? கண்டனக் கூட்டம் ஒன்று கூட்டித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி அனுப்பியிருப்போம்! அத்தீவினரோ 1909 இல் ஒரு சங்கம் அமைத்து வியாபாரக் குறிக்கு விண்ணப்பித்தனர். உருண்டையும் அதன்மேற் சிலுவையும் கொண்ட அக்குறி 1910 இல் பதிவாயிற்று. 1911 முதல், ஆய்ந்து பார்க்கப்பட்ட துணியில் அக்குறி பொறிக்கப்பட்டு வருகிறது.

அவர்கள் பழமையை அப்படியே கட்டிக்கொண்டு அழுதார்களா? அதுவுமில்லை. கையால் நூற்பதற்கு ஆள் போதாமையால், தீவுகளிலுள்ள ஆலைகளில் நூற்ற நூலையும் பயன்படுத்தலாம் என 1934 இல் வரையறையை மாற்றினர். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று தெளிந்திருந்தமையே அவர்களது திறமை. நூற்பை ஆலைக்கு விட்டார்கள்; நெசவை வீட்டை விட்டு வெளியேற விடவில்லை; எந்தப் பணியையும் தீவை விட்டு வெளியேற விடவில்லை.

அதற்கும் சோதனை வந்தது. பெருநிலத்தில் சில பணிகளைச் செய்வித்த உற்பத்தியாளர்கள் தமக்கும் அப்பெயரில் உரிமை உண்டென்று வழக்காடினர். நெடுநாள் நடந்த அவ்வழக்கில், ஸ்கொத்லாந்தின் உயர் குடியியல் நீதிமன்றத்தில் ஹண்டர் பிரபு 1964 இல் தீர்ப்பளித்தார்: நூற்பு முதல் முடிப்பு வரை அனைத்தும் புற ஹெப்ரிடீஸ் தீவுகளில் நடந்த துணிக்கே அப்பெயர் உரியது. 1993 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. புற ஹெப்ரிடீஸ் தீவினர் தம் வீட்டில் கையால் நெய்ததாகவும், அத்தீவுகளிலேயே சாயமிட்டு நூற்ற புதுக் கம்பளி மயிரால் ஆனதாகவும், அங்கேயே முடிக்கப்பட்டதாகவும் இருந்தாலன்றி எதுவும் ஹரிஸ் ருவீட் ஆகாது என்பது அச்சட்டத்தின் சாரம். அதனைக் காக்க ஓர் அதிகார சபையையும் அதே சட்டம் நிறுவியது. ஒரு துணியை வரையறுப்பதற்காக ஒரு பாராளுமன்றம் கூடிச் சட்டம் செய்தது என்பதை நம் அரசியல்வாதிகள் ஊன்றிக் கவனிப்பார்களாக!

காகிதச் சட்டமும் காவற் சட்டமும்

"அப்படியானால் கம்பளி நெய்த நம் குறும்பருக்குச் சட்டம் எதுவும் இருக்கவில்லையா?" என்று வாசகர் கேட்கலாம். இருந்தது, இருந்தும் பயன்படவில்லை என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டமொன்றை இந்தியப் பாராளுமன்றம் 1985 இல் இயற்றியது. அதன்கீழ் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகச் சுருக்கப்பட்டன. சுருங்கிய பட்டியலிலும் கம்பளிக்கு இடமிருந்தது. சால்வைக்கும் கம்பளி ருவீட்டுக்கும் இடமிருந்தது. அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணன்று என இந்திய உச்ச நீதிமன்றம் 1993 இல் தீர்ப்பும் வழங்கியது. பார்த்தீர்களா? ஸ்கொத்லாந்துத் தீவினருக்குச் சட்டம் கிடைத்த அதே ஆண்டில் இந்திய நெசவாளரின் சட்டமும் உறுதிப்பட்டது. இருந்தும் என்ன ஆயிற்று? பழைய கம்பளித் துணியைக் கிழித்து, மீண்டும் நூலாக்கிப் பானிப்பட் நகரின் ஆலைகள் மலிவுப் போர்வைகளைக் குவித்தன. செயற்கை இழைப் போர்வையும் சந்தையை நிறைத்தது. தக்கணத்துச் செம்மறியின் மயிருக்கு, கொய்யும் கூலிக்கும் ஈடாகாத விலையே கிடைக்கும் நிலை வந்தது.

இரு சட்டங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைச் சற்று நுணுகி நோக்குவோம். இந்தியச் சட்டம், 'இன்ன துணியை விசைத்தறி நெய்யலாகாது' என்று தொழிலைத் தடுத்தது. ஸ்கொத்லாந்துச் சட்டமோ, 'இன்ன துணியை இன்ன பெயரால் விற்கலாகாது' என்று பொய்யைத் தடுத்தது. தொழிலைத் தடுக்கும் சட்டம் ஊரெல்லாம் பரிசோதகரை வேண்டி நிற்கும். அவர் கண்ணயர்ந்தால் சட்டமும் கண்ணயரும். பொய்யைத் தடுக்கும் சட்டத்துக்கோ பெயரின் உரிமையாளனே காவலாளி. அவன் விழித்திருந்தால் போதும். மேலும், இந்தியச் சட்டம் நெசவாளனுக்கு ஒரு குறியையும் தரவில்லை; அவன் ஊரைச் சுட்டவுமில்லை; வழக்காடும் உரிமையை அவன் கையிற் கொடுக்கவுமில்லை. அது அவனுக்காக இயற்றப்பட்டது, அவனுடையதாக இயற்றப்படவில்லை.

இக்குறையை இந்தியா பின்னர் ஓரளவு உணர்ந்தது. 1999 இல் புவியியல் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ்க் காசுமீரத்துப் பஷ்மினாச் சால்வை 2008 இலும், நீலகிரித் தோடர் மகளிர் வெண்பருத்தித் துணியில் செந்நிற, கருநிறக் கம்பளி நூலால் இடும் பூவேலை 2013 இலும் பதிவு பெற்றன. கையால் நூற்றதா, கையால் நெய்ததா என்று ஆய்ந்து பஷ்மினாவுக்கு முத்திரையிடும் நிலையமும் சிறிநகரில் அமைந்தது. பதிவுப் பத்திரத்தோடு நின்றுவிடாமல் பரிசோதனையும் முத்திரையும் சேர்ந்தால்தான் பெயருக்கு மதிப்பு உண்டாகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் தறிகளின் நிலை

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். கிழக்கிலே கம்பளி இல்லை, கைத்தறி இருக்கிறது. மருதமுனைச் சாரமும் சேலையும் இந்நாடெங்கும் பெயர் பெற்றவை. 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது அத்தறிகள் ஓய்வின்றி ஓடின. 1977 இல் சந்தைக் கதவு அகலத் திறக்கப்பட்டது. மலிவுத் துணி வெள்ளமாய்ப் புகுந்தது. தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. போர் மிச்சமிருந்தவற்றை முடக்கிற்று. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி மருதமுனையையும் நம் மூதூர்க் கரையையும் ஒருங்கே அழித்தது. 2006 இல் மூதூரிலும் தோப்பூரிலும் மூண்ட சண்டையில் நம் மக்கள் உடுத்த துணியோடு கந்தளாய்க்கு ஓடினர். இத்தனைக்கும் பின்னரும் மருதமுனையில் தறியின் ஓசை அடங்கிவிடவில்லை. அந்த உறுதியை வியக்காதவர் எவர்?

ஆனால் வியப்பு அடுப்பை எரிக்காது. கடைத்தெருவிலே 'கைத்தறி' என்று சீட்டு ஒட்டிய துணி உண்மையில் கையால் நெய்ததா, ஆலையில் நெய்ததா என்று வாங்குவோர் எவ்வாறு அறிவர்? சீட்டை எவரும் அச்சிடலாம். பெயரை எவரும் சூடலாம். மூன்று நாள் உழைத்தவனின் துணியும் மூன்று மணியில் ஆலை உமிழ்ந்த துணியும் ஒரே அடுக்கில், ஒரே பெயரோடு கிடந்தால் விலை எப்பக்கம் சாயும்? போலித் துணி நெசவாளனின் சந்தையை மட்டும் திருடவில்லை. அவன் பெயரையும் சேர்த்துத் திருடுகிறது.

இது மருதமுனையோடு நின்றுவிடும் பிரச்சினையன்று. மூதூர், தோப்பூர், கிண்ணியாப் பகுதிகளின் பெண்கள் வீட்டிலிருந்து செய்யத்தக்க தொழில் இன்றியே அரபு நாடுகளுக்குப் பணிப்பெண்களாய்ப் புறப்படுகின்றனர். மூதூரிலிருந்து அவ்வாறு சென்ற ஓர் இளம்பெண் 2013 ஜனவரியில் சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு இரையானதை இந்நாடு மறந்திருக்கலாம், இப்பகுதி மறக்கவில்லை. தீவினர் தம் சட்டத்தில் 'வீட்டில் நெய்தது' என்ற சொல்லை ஏன் விடாது பற்றினர் என்பதை நம் தாய்மார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டிலே தொழில் இருந்தால் மகள் வீட்டிலே இருப்பாள்.

செய்ய வேண்டுவன யாவை?

சட்டத்துக்கான அடித்தளம் நம் நாட்டில் இல்லாமலில்லை. 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சான்றுறுதிக் குறிகளுக்கும் கூட்டுக் குறிகளுக்கும் இடந்தருகிறது. 2022 இல் அது திருத்தப்பட்டுப் புவியியல் குறியீடுகளைப் பதியவும் வழி பிறந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பைப் பெற்றது. கறுவாப் பட்டைக்குக் கிடைத்தது கைத்தறிப் புடைவைக்கு ஏன் கிடைக்கலாகாது? கேட்பாரில்லை என்பதைத் தவிர வேறு காரணம் யாது? கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மக்களின் பிரதிநிதிகளற்ற ஆட்சியில் நெசவாளனின் மனுவைத் தூக்கிப் பிடிப்போர் எவர்?

ஆகவே நாம் கோர வேண்டுவன நான்கு. முதலாவது, வரையறை. இயந்திர விசையின்றிக் கையாலும் காலாலும் இயக்கிய தறியில், கிழக்கு மண்ணில், நெசவாளர் வீட்டிலோ அவர்தம் கூட்டுறவுச் சங்கத்தின் நெசவுசாலையிலோ நெய்யப்பட்டது என்பதே அவ்வரையறையாக வேண்டும். நூல் வெளியிலிருந்து வருவதால் அதனையும் இங்கேயே நூற்க வேண்டும் என்று விதிப்பது மடமை. எதை விடலாம் என்று தெளிவதும் வரையறையின் ஒரு பகுதியே. இரண்டாவது, உரிமை. குறியின் சொந்தக்காரர் அமைச்சோ வணிகரோ ஆகலாகாது; நெசவாளர்கள் பெரும்பான்மையாய் இருக்கும் சபையே ஆக வேண்டும். மூன்றாவது, முத்திரையும் பரிசோதனையும். துணி நெய்யப்பட்ட ஊரின் பெயர் முத்திரையிலே விளங்க வேண்டும். நான்காவது, வழக்கு நிதி. போலியை நீதிமன்றத்துக்கு இழுக்கப் பணமில்லாத உரிமை, பூட்டில்லாத கதவுக்கு ஒப்பானது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். "மலிவுத் துணியை நம்பியிருக்கும் ஏழையின் வயிற்றிலடிக்கலாமா?" என்பது ஒன்று. அடிக்க வேண்டாம், ஆலைத் துணி ஆலைத் துணியாகவே தாராளமாக விற்கப்படட்டும். நாம் தடுக்கக் கேட்பது துணியை அன்று, பொய்யை. "சட்டம் வந்தால் மட்டும் துணி விற்றுவிடுமா?" என்பது மற்றொன்று. நியாயமான வினா. லூயிஸ் தீவின் பெரிய ஆலையை 2006 இல் வாங்கிய தொழிலதிபர் ஒருவர், ஆயிரக்கணக்கில் இருந்த துணி வடிவங்களை நான்கே நான்காகக் குறைத்தார். நெசவாளர் பலர் வேலையின்றி நின்றனர். சட்டம் அதனைத் தடுக்கவில்லை. ஆனால் பெயர் தீவினரிடமே இருந்தமையால், மூடிக்கிடந்த வேறோர் ஆலை புதிய முயற்சியால் 2007 இல் திறக்கப்பட்டபோது, அதே பெயரில், அதே குறியோடு தொழில் மீண்டும் எழுந்தது. சட்டம் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து நிறுத்தாது. நெசவாளன் மீண்டும் எழ முயலும்போது அவன் நிற்பதற்கு ஓரிடத்தை வைத்திருக்கும், அவ்வளவே. அந்த ஓரிடமில்லாமல் அழிந்த தொழில்கள் எத்தனை!

சொற்பொழிவுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. "நம் பாரம்பரியம், நம் கலை" என்று மேடைதோறும் முழங்குகிறோம். கைத்தறிச் சால்வையைத் தலைவர் தோளிற் போர்த்துகிறோம். அந்தச் சால்வை கைத்தறிதானா என்று கேட்கிறோமா? தமிழரும் முஸ்லிம்களுமாகிய தமிழ் பேசும் மக்கள் ஒரே குரலில் கேட்கத்தக்க கோரிக்கை இது. இதிலே ஊர்ப் பூசலுக்கும் கட்சிப் பூசலுக்கும் இடமில்லை. மருதமுனையின் நெசவாளர் சங்கங்கள் முதற் கையொப்பம் இடட்டும். தோப்பூரும் மூதூரும் கிண்ணியாவும் அடுத்த கையொப்பம் இடும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அம்மனுவைச் சபையில் வைக்கட்டும். வரைவை எழுதிக் கொடுக்கச் சட்டத்தரணிகள் நாங்கள் கட்டணமின்றிக் காத்திருக்கிறோம்.

மலையகத்துத் தாயின் தலையை மழையினின்று காத்த கம்பளியை நெய்த கைகளை எவரும் காக்கவில்லை. அதே பிழை கிழக்கின் தறிக்கும் நேர விடலாகாது. குடாவின் காற்றிலே இன்னும் தறியோசை கேட்கிறது. அது ஓய்வதற்கு முன் சட்டம் எழுதப்பட வேண்டும்.